மல்லாட்டைக் கொல்லையும் ஆர்லிங்டன் சந்தையும்

எங்கள் ஊரில் பாம்பை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. வைக்கோல் போரை உருவும்போது அடியில் எது சுருண்டு கிடந்ததோ, எரவானத்தில் செருகிய அரிவாளை எடுக்கக் கை நீட்டும்போது எது மெல்ல நகர்ந்ததோ, இரவில் அரிக்கேன் விளக்கோடு மடை திருப்பப் போன அப்பாவின் காலடியில் எது குறுக்கிட்டதோ, அதுதான் அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த பாம்பு. கல்வராயன் மலை கிழக்கே இறங்கிச் சமவெளியாகும் இடத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணையின் வாய்க்கால் தண்ணீர் எட்டியும் எட்டாமலும் கிடந்த சிற்றூர் எங்களுடையது. அப்போது அது தென் ஆற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரத்தோடு போயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமானது. எழுபதுகளில் அந்த மண்ணில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பாம்புகளை வரிசையாக ஒப்பிப்பான், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் சேர்த்தே ஒப்பிப்பான்: கரும்புத் தோட்டத்தில் எலிக்குப் பின்னால் ஓடும் சாரை, கிணற்றுப் படியிடுக்கில் தலையை மட்டும் நீட்டும் தண்ணீர்ப் பாம்பு, வேலியோரத்தில் இலையோடு இலையாய்த் தொங்கும் பச்சைப்பாம்பு, கற்குவியலில் சுருட்டை, சருகுக்குள் கண்ணாடி விரியன், தரையில் விரித்த பாயைத் தேடி நள்ளிரவில் வரும் கட்டுவிரியன், புற்றுக்குப் பால் ஊற்றியதால் யாரும் அடிக்கத் துணியாத நல்லபாம்பு. உங்களுக்கும் இப்படியொரு வரிசை மனத்தில் இருக்கும்; ஊரைப் பொறுத்து ஒன்றிரண்டு பெயர் மாறும், அவ்வளவுதான்.

அந்த வரிசைக்கு உரை எழுதியது என் ஆயா. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தின்மேல் ஏறி, கடிபட்டவனைச் சுடுகாட்டில் எரித்துப் புகை எழும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் என்பாள். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பாள். அதே வாயால், பச்சைப்பாம்பை ஒருமுறை உருவிவிட்ட பெண்ணின் கைச்சமையல் வாழ்நாள் முழுக்க மணக்கும் என்றும் சொல்வாள். சிறுமியாக இருந்தபோது மாமன் ஒருவர் பிடித்துக் கொடுக்க அவளும் உருவியிருக்கிறாள். அவள் வைத்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் யாரும் அந்த நம்பிக்கையை மறுத்துப் பேசியதில்லை. கொம்பேறி மூக்கனுக்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு கிடையாது, பச்சைப்பாம்பு கண்ணைத் தேடி வருவதில்லை என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. தெரிந்த பிறகும், அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து ஆயா சொன்ன அந்தப் பாம்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் ஆயாவின் குரலில் பாதி போய்விடும்.

எங்கள் பிள்ளைக் கூட்டத்துக்கு மிகவும் பிரியமானது மண்ணுளிப் பாம்புதான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கும் நாளில் அதைப் பார்க்கலாம் என்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள் உண்டு. செடியை வேரோடு பிடுங்கி உதறும்போது, எலிவளை இடிந்து, செம்மண் நிறத்தில் உருண்டையாய் ஒன்று புரளும். பெண்கள் "ஐயோ" என்று விலகுவார்கள், நாங்கள் நெருங்குவோம். எது தலை, எது வால் என்று பந்தயம் கட்டுவோம். மழுங்கிய வாலை மேலே தூக்கி ஆட்டிவிட்டு, தலையைத் தன் சுருளுக்குள்ளேயே ஒளித்துக்கொண்டு அது எங்களைத் தோற்கடிக்கும். ஆறு மாதம் ஒருபக்கம் தலை, ஆறு மாதம் மறுபக்கம் என்பார்கள் பெரியவர்கள். நக்கினால் குஷ்டம் வரும் என்பார்கள். அதனால் தொட மாட்டோம். ஒரு குச்சியின் நீளம்தான் எங்களுக்கும் அதற்கும் இடையில். அப்பா வந்து மண்வெட்டியில் ஏந்தி வரப்போரத்தில் விடுவார். "எலி திங்கிற சீவன்டா, அது இல்லாட்டி மல்லாட்டையில பாதி நமக்கு வராது" என்பார். அவர் படித்தவரல்லர், ஆனால் அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. விட்ட இடத்தில் அது மண்ணுக்குள் மூழ்கும். மூழ்கி முடியும்வரை நாங்கள் அசையாமல் நிற்போம். விலை கொடுக்காமல், வைத்துக்கொள்ளாமல், பெயரிடாமல் ஒன்றை முழுதாகப் பார்த்து முடித்த அந்த நிமிடங்கள் போன்ற இன்பம் எனக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

அந்தக் காலத்தை நான் பொன்னாக்கிப் பேசவில்லை. சாரைகள் இரண்டு பின்னிப் பிணைந்து நிமிர்ந்து ஆடினால் அதன்மேல் புது வேட்டியை வீசி எடுத்துப் பெட்டியில் வைத்துப் பணம் பெருகுமென்று காத்திருந்த அதே ஊரில்தான், தோல் வாங்க ஆள் வந்தால் சாரையைத் தேடித்தேடி அடித்ததும் நடந்தது. ஆடியவை ஆணும் பெண்ணும் அல்ல, பலம் பார்க்கும் இரண்டு ஆண்கள் என்பதோ, தோலாய்ப் போனவை தின்றிருக்க வேண்டிய எலிகள் அடுத்த ஆண்டு கரும்பை அரிக்கும் என்பதோ அடித்தவர்களுக்குத் தெரியாது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றபோது, அதை நம்பியே வாழ்ந்த இருளர் குடும்பங்கள் திகைத்துப் போயின. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தோலுக்காகக் கொன்ற பாம்பை உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடும் தொழில் பிறந்தது. எங்கள் மலையிலும் அந்த ஆண்டுகள் திருப்பமானவை. ஜாகிர்தாரர்களின் கையிலிருந்த கல்வராயன் மலை 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. தேனும் கடுக்காயும் சுமந்து அடிவாரச் சந்தைக்கு இறங்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது.

விட்டேகர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவர் தொடங்கிய கிண்டி பாம்புப் பண்ணையில். பள்ளியிலிருந்து மெட்ராசுக்குச் சுற்றுலா; கடற்கரை, மியூசியம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாம்புப் பண்ணை. இரவெல்லாம் பஸ்ஸில் தூங்காமல் வந்த பிள்ளைகள், குழிபோன்ற அடைப்புக்குள் எங்கள் ஊர்ச் சாரை படுத்திருப்பதைப் பார்த்ததும், சொந்தக்காரரைப் பட்டணத்தில் சந்தித்ததுபோல "டேய், நம்ம சாரடா!" என்று கூவினோம். அங்கே ஒருவர் பாம்பைக் கையில் ஏந்தி, எது நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்று தமிழில் விளக்கினார். அவர் கையில் பாம்பு சும்மா இருந்தது. எங்கள் ஊரில் பாம்பின்மேல் பட்டது கழி மட்டும்தான். ஒரு மனிதன் பாம்பைப் பதற்றமில்லாமல் தொட முடியும் என்பதை நான் கண்டது அன்று. ஊர் திரும்பிச் சில காலம் தண்ணீர்ப் பாம்பைப் பிடிக்கக் கிணற்றடியிலேயே கிடந்த அந்த அரைக்கால்சட்டைப் பையனை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அவன் கேட்டதெல்லாம் ஒரு பாம்பை அரை நிமிடம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான்.

அவனுக்குக் கிடைக்காதது அவன் பேத்திக்குக் கிடைத்தது, டெக்சாஸில். டல்லாஸுக்கும் ஃபோர்ட்வொர்த்துக்கும் நடுவே ஆர்லிங்டன் என்றொரு நகரம். அங்கே பெரிய மண்டபத்தில் ஊர்வனவற்றுக்கென்றே சந்தை கூடுகிறது. மகள் வீட்டில் தங்கியிருந்த நாளில் என்னையும் அழைத்துப் போனார்கள். எங்கள் வாரச்சந்தையில் தட்டுக்கூடைகள் வரிசையாய் இருக்குமே, அந்த இடத்தில் கண்ணாடிபோல் தெளிந்த வட்டப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பாம்பு. ஒவ்வொரு மூடியிலும் ஒரு சீட்டு. ஆணா பெண்ணா, எப்போது பொரித்தது, தாய் தந்தையின் மரபு என்ன, இதுவரை எத்தனை முறை இரை எடுத்தது, எல்லாம் எழுதியிருந்தது. பேத்தி மாதக்கணக்கில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவள் மனத்தில் இருந்தது மேற்கு ஹாக்நோஸ் என்ற பாம்பு: மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்து மண்வெட்டியாக இருக்கும், கனடாவின் தெற்கிலிருந்து மெக்ஸிகோவின் வடக்குவரை புல்வெளிகளிலும் மணற்பாங்கிலும் அந்த மூக்கால் மண்ணைக் கிளறித் தேரைகளைத் தேடித் தின்னும். பின்பற்களில் மெல்லிய நஞ்சு உண்டு. கடித்தால் கை வீங்கலாம், மனிதருக்கு அதற்குமேல் பெரிய ஆபத்தில்லை. இதை மகளுக்கு நம்பவைக்கப் பேத்தி தனியாக ஒரு கட்டுரையே எழுதிக் காட்டியிருந்தாளாம்.

காட்டில் அந்தப் பாம்பு மண் நிறத்தில், முதுகில் பழுப்புத் திட்டுகளோடு இருக்கும். டப்பாக்களில் இருந்தவையோ பல நிறம். கருநிறமி பிறவியிலேயே இல்லாத அல்பினோ, பழுத்த பப்பாளியின் சதை நிறத்தில் சிவந்த கண்ணோடு கிடந்தது. மஞ்சளும் சிவப்பும் விட்டுப்போன ஆக்ஸாந்திக், சாம்பலும் கறுப்புமாக இருந்தது. திட்டுகள் குறைந்தது அனகோண்டா. அந்த மரபு இரு பெற்றோரிடமிருந்தும் சேர்ந்து வந்தால் முதுகில் கோலமே இல்லாமல் வழவழவென்று ஆகிவிடும், அதற்கு சூப்பர்கோண்டா என்று பெயர். அல்பினோ கதை வேறு: தாய், தந்தை இரண்டிலும் அந்த மரபு ஒளிந்திருந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு வெளிப்படும் வாய்ப்பு, மற்றவை சாதாரண நிறத்தில் பிறந்தாலும் சில அதைத் தமக்குள் சுமந்திருக்கும். பள்ளியில் மெண்டலின் பட்டாணியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். பன்னிரண்டு வயதுப் பெண் அதையே பாம்பை வைத்துக் கட்டம் போட்டு விளக்கியபோது முதல்முறையாக எனக்குப் புரிந்தது.

அவள் தேர்ந்தெடுத்த விதம் எனக்குப் பிடித்தது. நிறத்தில் மயங்கி நின்றவள், அடுத்த நிமிடமே நிறத்தை மறந்து கேள்விகளைத் தொடங்கினாள். உறைய வைத்துப் பிறகு வெதுவெதுப்பாக்கிய சுண்டெலியைத் தயங்காமல் எடுக்கிறதா, தேரை வாசனை தடவினால்தான் எடுக்கிறதா? தோல் ஒரே உரியாய்க் கழன்றதா? செதிலிடுக்கில் உண்ணி இருக்கிறதா? மூச்சில் சத்தம் வருகிறதா? முதுகெலும்பு துருத்தாமல் உடம்பு உருண்டிருக்கிறதா? பெற்ற பாம்புகளைப் பார்க்கலாமா? நிறத்துக்காக மட்டும் இனம் பெருக்குவதில் ஒரு கொடுமையும் உண்டு என்று அவளே சொன்னாள். பந்து மலைப்பாம்பில் ஸ்பைடர் என்றொரு வகை, பார்க்க அழகான வலைக்கோலம். அந்த மரபோடு தலை நடுங்கித் தள்ளாடும் குறையும் சேர்ந்தே வருகிறது. "அழகா இருக்கணும்னு அதை ஆட்டிவைக்கிறது தப்பு தாத்தா" என்றாள். நன்றாக இரை எடுக்கும் ஓர் ஆண் அல்பினோவை வாங்கினாள். ஆண் சிறியது, பெண்தான் மூன்றடிக்குப் பக்கத்தில் வளரும் என்று காரணமும் சொன்னாள். நான் என்றோ சொன்ன மலைத் தினையின் கதையை நினைவில் வைத்துக்கொண்டு அதற்குத் தினை என்று பெயரிட்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் தினை எங்களுக்கு ஒரு கூத்து நடத்தியது. முதலில் கழுத்தைத் தட்டையாக்கி நல்லபாம்பின் படத்தைக் காட்டியது. காற்றை இழுத்து ஊதிச் சீறியது. வாயைத் திறக்காமலேயே மூக்கால் முட்டி முட்டிக் கொத்துவதாகப் பாவனை செய்தது. அதற்கும் பேத்தி விலகாததால் புரண்டு மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துக் கிடந்தது. அவள் மெல்லத் திருப்பிக் குப்புறப் போட்டாள். உடனே மறுபடி மல்லாந்தது. மண்ணுளி வாலைத் தலையாக்கி ஆடிய ஆட்டத்தின் தம்பி முறை இது என்று நான் சொன்னேன். பிறகு அந்த அறையில் இரண்டு பாம்புகள் இருந்தன: தொட்டியில் தினை, என் பேச்சில் மண்ணுளி. அவள் கேட்கக் கேட்க மல்லாட்டைக் கொல்லை, ஆயா, மண்வெட்டி எல்லாம் டல்லாஸுக்கு வந்து சேர்ந்தன.

தினைக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ் சூடு, மறுபக்கம் குளுமை. புதைய ஆழமான தூள்மண். வாரம் ஒருமுறை எலி. அதன் உலகம் அவ்வளவுதான். நல்ல பராமரிப்பில் பதினைந்து, இருபது ஆண்டுகூட வாழுமாம். முதல் குளிர்காலத்தில் அது இரையை மறுத்தபோது பேத்தி அழுதுகொண்டே என்னை அழைத்தாள். ஆண் ஹாக்நோஸ் பருவத்தில் இப்படிப் பட்டினி கிடப்பது இயல்பு என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்; ஆனால் அவளுக்குத் தாத்தாவும் சொல்ல வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் எங்கள் கொல்லையிலும் பாம்பு கண்ணில் படாது, தை பிறந்து வெயில் ஏறினால் வரப்பில் காயும் என்றேன். ஒரு பாம்பு சாப்பிடவில்லையே என்று எங்கள் ஊரில் யாரும் அழுததில்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்தக் காலத்தை நான் வணங்குவேன்.

ஆனால் அந்த அன்பு கை தவறிய கதையும் அதே நாட்டில் இருக்கிறது. வளர்ப்புக்காக ஃபுளோரிடாவுக்குப் போன பர்மிய மலைப்பாம்புகள் வெளியே விடப்பட்டும் தப்பியும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017-இல் அழைக்கப்பட்டவர்கள் நம் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். வந்த இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இதைப் பேத்திக்குச் சொன்னபோது, தொட்டியின் மூடிக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்றாள்.

இங்கே தமிழ்நாட்டில், பாம்பு வளர்க்கும் அந்த ஆசை வேறு வழியில் வருகிறது. 2023 ஏப்ரலில் மலேசியாவிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில் ஒருவர் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும். டப்பாவில் அடைபட்டுக் கடல் தாண்டி வந்த அந்தக் குட்டிகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அயல்நாட்டு உயிர்களை முறையாகக் கணக்கில் கொண்டுவர 2024-இல் விதிகள் வந்தன. வனவுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர் எதை வைத்திருந்தாலும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இதைவிட எனக்கு வலிப்பது எங்கள் மண்ணுளிக்கு நேர்ந்தது. குஷ்டம் வருமென்று தொடாமல் விட்ட பாம்பை, வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும், மருந்தாகும், எடை கூடினால் லட்சக்கணக்கில் விலை போகும் என்று புரளி கிளப்பி, கொல்லை கொல்லையாகத் தோண்டிப் பிடிக்கிறார்கள். பிடிபட்டால் சிறை என்று சட்டம் இருந்தும் செய்தித்தாளில் மாதம் தவறாமல் ஒரு மண்ணுளி மீட்கப்படுகிறது. பழைய பொய் அதைக் காப்பாற்றியது. புதிய பொய் அதை மண்ணிலிருந்தே எடுத்துவிட்டது.

ஊரில் மற்றவையும் மாறிவிட்டன. வைக்கோல் போர்கள் குறைந்தன, கூரைகள் தளம் ஆயின, கொல்லைகள் சிலவற்றில் மரவள்ளி, சிலவற்றில் மனைக்கல். வீட்டுக்குள் பாம்பு வந்தால் கழியைத் தேடாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறார்கள். அவர்கள் வந்து பிடித்துக் காப்புக்காட்டில் விட ஏற்பாடு செய்கிறார்கள். கடிபட்டவரை மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தைக் கொன்ற காலம் கண்ணெதிரே மறைந்தது. ஆனாலும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது, இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும். எங்கள் தெருவிலேயே கட்டுவிரியன் கடித்த ஒரு பெண் அரசு மருத்துவமனையில் போட்ட ஊசியால் பிழைத்து, இன்றும் நூறு நாள் வேலைக்குப் போய் வருகிறார்.

வரும் ஜூலையில் மகளும் பேத்தியும் வருகிறார்கள். தினைக்கு அவர்கள் திரும்பும்வரை பக்கத்து வீட்டுப் பையன் எலி போடுவான். எந்தக் கிழமை, எவ்வளவு எடை என்று அவள் தாளில் எழுதி ஒட்டியாகிவிட்டது. ஆடியில் ஒரு மழை விழுந்தால் மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை விதைக்க டிராக்டர் இறங்கும். குத்தகைக்காரரிடம் பேசிவிட்டேன், மேட்டுப் பக்கம் எலிவளை இருக்கும் இரண்டு சால் மட்டும் கடைசியில், மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். மண்ணுளி தென்பட்டால் அது மண்ணுக்குள் போய் முடியும்வரை அவள் கிட்ட நின்று பார்க்கலாம். "கையில எடுக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள். தினை உன்னுடையது கண்ணு, இது கொல்லையுடையது, தொடாமல் பார்ப்போம் என்றேன். சரி என்றவள், போட்டோ எடுக்கலாமா என்றாள். எடுக்கலாம், ஆனால் எந்த ஊர், எந்தக் கொல்லை என்று யாருக்கும் அனுப்பிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். ஒரு படம் போதும், தோண்டுகிறவர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள்.